அகத்திலே ஒரு பசுமை

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தென்பால், தம்பலகாமக் குடாவையும் கொட்டியாரக் குடாவையும் அடுத்துக் கிடக்கும் கிண்ணியாப் பகுதியிலே குறிஞ்சாக்கேணி என்றோர் ஊர் உண்டு. அவ்வூரிலே தமிழ் கற்பிக்கும் பேறு எனக்குப் பல்லாண்டுகளாக வாய்த்துள்ளது. ஊர்ப்பெயரைப் பிரித்துப் பார்க்கும் தமிழாசிரியர் வழக்கம் என்னையும் விடவில்லை. குறிஞ்சா என்பது ஒரு கொடி. அதன் இலையை மென்ற பின்னர்ச் சீனியை வாயிலிட்டால் இனிப்புத் தோன்றாது. கேணி என்பது நீர்நிலை. செடியின் பெயரும் நீரின் பெயரும் இணைந்து ஒலிக்கும் ஊரிலே குடியிருந்துகொண்டு, வீட்டினுள் ஒரு செடியையேனும் உயிரோடு வைத்திருக்கத் தெரியாதவனாக நான் சிலகாலம் இருந்தேன் என்பதை, நம் கல்லூரியின் யூபிலி மலரிலே, எனக்குக் கற்பித்த ஆசிரியர்களும் என்னோடு கற்ற நண்பர்களும் படிக்குமாறு ஒப்புக்கொள்வதில் சிறிது நாணம் உண்டு. ஆயினும் பிழையிலிருந்து பெற்ற பாடமே நெஞ்சில் நிலைக்கும் என்பதனால் அதனை ஈண்டு எழுதத் துணிந்தேன்.

வீட்டினுள் வளர்க்கும் செடி மனிதர்க்கு என்ன நன்மை செய்கிறது? அதனைப் புதிதாக வளர்க்கத் தொடங்குவோர் எந்தச் செடியைத் தெரிந்துகொள்ள வேண்டும்? எதற்கு அஞ்ச வேண்டும்? இம்மூன்று வினாக்களுக்கும் இயன்றவரை விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

அகம் என்னும் சொல்லுக்கு உள் என்பது பொருள். மனம் என்பதும் பொருள். வீடு என்பதும் பொருள். வீட்டையும் மனத்தையும் ஒரே சொல்லாற் குறித்த மொழி நம்முடையது. மனத்தில் நிகழும் காதலையும் பிரிவையும் பாடவந்த பழந்தமிழ்ப் புலவர்கள் அவ்வொழுக்கங்களைத் திணைகளாக வகுத்தனர். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று அத்திணைகளுக்கு வாய்த்த பெயர்கள் செடி, கொடி, மரங்களின் பெயர்களாகவும் இருக்கின்றன. கூடலை நினைப்பிக்க ஒரு மலைப்பூவும், இரங்கலை நினைப்பிக்க ஒரு கழிப்பூவும் அவர்களுக்குப் போதுமாயிருந்தன. மனிதர் மனத்துக்கும் தாவரத்துக்கும் இடையே ஓர் உறவு உண்டென்பது நமக்கு மேனாட்டார் புதிதாகக் கற்பித்த செய்தியன்று.

அவ்வுறவு எவ்வாறு உண்டாகிறது என்பதையும் நம் இலக்கியம் காட்டுகிறது. நற்றிணையின் 172ஆம் பாடல் நெய்தல் நிலத்தது. தோழியரோடு விளையாடிய சிறுமி ஒருத்தி புன்னை விதை ஒன்றை மணலிலே புதைத்து மறந்துவிடுகிறாள். அது முளைவிட, நெய் கலந்த பால் ஊற்றி அதனை வளர்க்கின்றனர். அம்மரத்தை உன் தங்கை என்று தாய் அவளுக்குச் சொல்லி வைத்திருக்கிறாள். ஆதலின், வளர்ந்தபின் அம்மரத்தின் நிழலிலே தலைவனோடு நகைத்துப் பேசுவதற்கு நாணமாயிருக்கிறது என்பது பாட்டின் கருத்து. கரையோர ஊர்களிலே புன்னைகள் ஆயிரம் நிற்கலாம். ஆயினும் தங்கையானது ஒன்றே. ஏனெனில் அதனையே அவர்கள் வளர்த்தார்கள். கண்ட மரம் மரமாகவே நிற்க, பேணிய மரம் உறவாகிவிடுகிறது. இக்கட்டுரையில் யான் சொல்ல விழைவதும் இவ்வொரு கருத்தேயாம்.

செடி செய்யாததும் செய்வதும்

வீட்டுச் செடிகளை விற்போர் பலர் அவற்றை காற்றைத் துப்புரவாக்கும் கருவிகள் என்று புகழ்கின்றனர். இப்புகழுக்கு ஒரு வரலாறு உண்டு. 1989இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசாவின் ஆய்வாளர் வுல்வேர்ட்டனும் அவர் குழுவினரும், காற்றுப் புகாத சிறு அறைப்பெட்டிகளிலே செடிகளை வைத்து, பென்சீன் முதலிய நச்சு ஆவிகள் குறைவதைக் கண்டறிந்தனர். சோதனை உண்மையானதே. ஆனால் நாம் வாழ்வது மூடிய பெட்டியிலன்று. வாயிலும் யன்னலும் உள்ள வீட்டிலே காற்று ஓயாது வந்து போகின்றது. முப்பதாண்டுக்காலச் சோதனைகளை ஒருங்கு திரட்டி 2019இல் ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் இருவர், சாதாரணக் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்யவேண்டுமாயின் ஒரு சதுர மீற்றர் தரைக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வரை வேண்டும் என்று கணித்தனர். அவ்வளவு செடிகளை வைத்தால் வீட்டில் நாம் இருப்பதற்கு இடமிராது. நல்ல காற்று வேண்டுவோர் யன்னலைத் திறப்பதே முறை.

இதற்கு மறுதலையான அச்சம் ஒன்றும் நம்மிடையே உண்டு. இரவிலே செடி நம் உயிர்க்காற்றைப் பறித்துவிடும் என்று முதியோர் சிலர் படுக்கையறையிற் செடி வைக்க விடுவதில்லை. இருளிலே செடியும் சுவாசிக்கிறது என்பது மெய்யே. ஆனால் ஒரு சாடிச் செடி கொள்ளும் பிராணவாயு, அவ்வறையில் உறங்கும் ஒரு குழந்தை கொள்வதினும் மிக மிகக் குறைவாகும். தம்பி தங்கையரோடு ஓர் அறையிலே அஞ்சாது உறங்கி வளர்ந்த நாம் ஒரு செடிக்கு அஞ்சவேண்டுவதில்லை.

அப்படியாயின் செடியால் விளையும் நன்மைதான் யாது? 1984இல் உறோஜர் உல்றிக் என்னும் அறிஞர் தமது ஆய்வொன்றை வெளியிட்டார். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து வைத்தியசாலை ஒன்றிலே, பித்தப்பைச் சத்திர சிகிச்சை செய்துகொண்ட 46 நோயாளரின் குறிப்புகளை அவர் ஒப்பிட்டார். பாதிப்பேரின் யன்னலுக்கு வெளியே மரங்கள் தெரிந்தன. மறுபாதிப்பேருக்குச் செங்கற் சுவரே தெரிந்தது. மரங்களைக் கண்டு கிடந்தோர் சற்று முன்னதாகவே வீடு திரும்பினர். வலி தணிக்கும் கடும் மருந்துகளையும் அவர்கள் குறைவாகவே வேண்டினர். பசுமையைக் காண்பதே ஓரளவு ஆறுதல் தரும் என்பதற்கு இது சான்றாகக் காட்டப்படுகிறது.

காண்பதைவிடப் பேணுவது சிறந்தது என்பதற்கும் ஓர் ஆய்வு உண்டு. 1976இல் எலன் லாங்கர், யூடித் உறோடின் என்னும் உளவியல் அறிஞர் இருவர் முதியோர் இல்லம் ஒன்றிலே ஒரு சோதனை செய்தனர். ஒரு மாடியில் இருந்த முதியோரை நோக்கி, உங்கள் வாழ்வு உங்கள் பொறுப்பு என்று சொல்லி, சிறு செடிகளைக் காட்டி, விரும்பியதைத் தெரிந்தெடுத்துத் தாமே பேணுமாறு விட்டனர். மற்றொரு மாடியில் இருந்தோர்க்கும் செடி கொடுக்கப்பட்டது. ஆனால் நீர் வார்ப்பது தாதியரின் வேலை என்று சொல்லப்பட்டது. சில வாரங்களின் பின்னர்ப் பார்த்தபோது, முதற் சாரார் கூடுதலான மகிழ்ச்சியும் சுறுசுறுப்பும் விழிப்பும் உடையோராய்க் காணப்பட்டனர். அவர்களுக்குச் செடியோடு வேறு சில தெரிவுகளும் விடப்பட்டிருந்தன. ஆதலின் பயன் முழுவதும் செடியினாலேயே என்று சொல்லுதல் கூடாது. ஆயினும் இரு மாடியிலும் செடி இருந்தது. ஒரு மாடியிலேதான் பொறுப்பு இருந்தது என்பதைக் கருதுதல் வேண்டும்.

இவ்வாய்வைப் பற்றிப் படிப்பதற்கு முன்னரே இதன் உண்மையை எனக்கு என் அன்னையார் காட்டியிருந்தார். 2014இல் அவர் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து பல மாதம் கட்டிலோடு கிடந்தார். இன்று என்ன கிழமை என்று கேட்பதையும் அவர் விட்டிருந்த காலம் அது. அயல்வீட்டு அம்மையார் ஒருவர் கற்பூரவல்லிக் கொப்பு ஒன்றைத் தயிர்ச்சட்டியில் ஊன்றிக் கொண்டுவந்து அவர் கட்டிலருகே யன்னலில் வைத்தார். நாள்தோறும் நானே நீர் வார்த்தேன்; அன்னையார் திரும்பியும் பார்க்கவில்லை. ஒருமுறை ஆசிரியர் பயிற்சி ஒன்றுக்காக நான் இரண்டு நாள் வெளியூர் செல்ல நேர்ந்தது. கைக்கெட்டும் தூரத்தில் நீரை வைத்து, நீங்களே கொஞ்சம் ஊற்றிவிடுங்கள் அம்மா என்று சொல்லிச் சென்றேன். திரும்பி வந்து வாயிலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளிருந்து குரல் வந்தது: “தம்பி, செடி வெளிச்சத்துப் பக்கமாச் சாயுது. சட்டியைக் கொஞ்சம் திருப்பி வை.” பல வாரங்களுக்குப் பின் அவர் எனக்கிட்ட முதற் கட்டளை அது. எலும்பைப் பொருத்தியவர்கள் வைத்தியர்கள். நடக்கப் பழக்கியவர்களும் அவர்களே. அதனைச் செடி செய்ததென்று நான் சொல்லவில்லை. காலையில் எழுந்து பார்ப்பதற்கு ஒரு பொருளை அச்செடி கொடுத்தது. அதுவும் நான் நீர் வார்த்தபோது கொடுக்கவில்லை; அவர் வார்த்தபோதே கொடுத்தது.

இங்கே ஓர் எல்லையையும் சொல்லிவிடுதல் கடமையாகும். நான் கற்பிக்கும் ஊர் துயரறியாத ஊரன்று. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கிண்ணியாக் கரையைத் தாக்கிற்று. 2021 நவம்பர் 23இல் குறிஞ்சாக்கேணிக் களப்பிலே இழுவைப் படகு கவிழ்ந்து பாடசாலைச் சிறாரும் உயிரிழந்தனர். அத்தகைய துயரை ஒரு பூச்சாடி ஆற்றும் என்று எழுதுவது அடாத செயல். பெருந்துயருக்கு மனிதரின் துணையும், வேண்டுமிடத்து வைத்தியரின் துணையும் வேண்டும். ஆனால் துயருற்றோர்க்கும் மறுநாட் காலை விடிகிறது. அக்காலையிலே கை செய்வதற்கு ஒரு சிறு வேலையும், நாளை ஒரு புதிய இலை விரியலாம் என்னும் சிறு எதிர்பார்ப்பும் இருப்பது நன்று. செடியின் ஆற்றல் அவ்வளவே. அவ்வளவும் சிறிதன்று.

நீர், ஒளி, மண்

இனி, வளர்க்கும் முறையைப் பார்ப்போம். நான் முதன்முதல் வாங்கிய செடிகள் ஐந்தும் ஒன்றன்பின் ஒன்றாக மாண்டன. அவற்றை நான் புறக்கணிக்கவில்லை; காலையும் மாலையும் நீர் வார்த்தேன். அவ்வன்பே அவற்றைக் கொன்றது.

வேருக்கு நீர் வேண்டுவது போலவே காற்றும் வேண்டும். மண் துகள்களுக்கு இடையிலுள்ள நுண்ணிய வெளிகளிலே காற்று உறைகிறது. ஓயாது நீர் வார்த்தால் அவ்வெளிகள் நீரால் நிரம்பிக் காற்று வெளியேறிவிடும். வேர் மூச்சின்றி அழுகும். அழுகிய வேர் நீரை உறிஞ்சாது. ஆதலின் இலை வாடும். வாடிய இலையைக் கண்ட புதியவர் செடிக்குத் தாகம் என்றெண்ணி மேலும் நீர் வார்ப்பார். இவ்வாறே ஒரு பிழை தன்னைத் தானே வளர்த்துக்கொள்கிறது. இதற்குப் பரிகாரம் எளிது. சுட்டு விரலை இரண்டு கணு ஆழம் மண்ணிற் செலுத்திப் பாருங்கள். ஈரம் தட்டினால் அன்று நீர் வேண்டா. உலர்ந்திருந்தால், சாடியின் அடித்துளையால் நீர் வழியும்வரை நன்றாக வார்த்து, மீண்டும் உலரும்வரை விட்டுவிடுங்கள். நாட்காட்டியைப் பார்த்து நீர் வார்ப்பவன் செடியைப் பார்ப்பதில்லை. வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காற்று அனல்போல் வீசும் நம் பகுதியிலே மண் விரைந்து உலரும்; மாரி காலத்திலோ ஒருமுறை வார்த்த நீர் வாரக்கணக்கில் நிற்கும். விரலே தக்க அளவுகோல்.

இரண்டாவது ஒளி. வீட்டுச் செடி என்று தனியே ஓர் இனம் இல்லை. பெருமரங்களின் நிழலிலே வளர்ந்து பழகிய காட்டுச் செடிகளையே மனிதர் வீட்டினுள் கொண்டுவந்தனர். ஆதலின் அவை நேர்வெயிலை வேண்டா. எனினும் இருளையும் பொறா. நண்பகலில் விளக்கேற்றாது செய்தித்தாள் வாசிக்கக்கூடிய இடம் எதுவோ, அதுவே அவற்றுக்குத் தக்க இடம் என்று கொள்ளலாம். வாரத்துக்கு ஒருமுறை சாடியைச் சிறிது திருப்பி வைத்தால், என் அன்னையார் கண்டதுபோல ஒரு பக்கமாகச் சாயாது செடி நேராக வளரும்.

மூன்றாவது மண்ணும் சாடியும். தோட்டத்து மண் ஒரு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய சாணமோ கூட்டெருவோ ஒரு பங்கு எனக் கலந்தால் போதும். கடல்மணலில் உப்பு உண்டாதலின் அதனைச் சேர்த்தல் கூடாது. கரையோர வீடுகள் சிலவற்றின் கிணற்றுநீர் உவர்ப்பாக இருக்கும். அந்நீரின் உப்பு மண்ணிலே படிந்து இலைநுனிகளைக் கருக்கும். மழைநீரோ அரிசி கழுவிய நீரோ அங்கே உதவும். சாடிக்குப் பணம் செலவிட வேண்டுவதில்லை. எருமைத் தயிர் வரும் மண்சட்டிகள் நம் மாவட்டத்து வீடுகள் தோறும் வெறுமனே கிடக்கின்றன. அச்சட்டியை ஓரிரவு நீரில் ஊறவைத்து, ஆணியால் அடியிலே மெல்லத் தட்டித் துளையிட்டால் நல்லதொரு பூச்சாடி ஆகும். மண்சட்டியின் சுவர் வழியே ஈரம் வெளியேறுவதால், நீரை மிகுத்து வார்க்கும் புதியவரின் பிழையை அது ஓரளவு பொறுத்துக்கொள்ளும்.

தொடங்குவோர்க்கு ஐந்து செடிகள்

முதலாவது மருள். பழந்தமிழ்ப் பாடல்களில் மரல் என்று வழங்குவதும் இதுவே. கடைகளிலே பாம்புச்செடி என்று விற்கப்படும் மஞ்சள் விளிம்புடைய வகை மேற்கு ஆபிரிக்காவுக்கு உரியது. அதன் உறவினமான மருள் நம் நாட்டின் வறண்ட காடுகளிலே தானாக வளர்வது. அவ்வினங்களுள் ஒன்றன் தாவரவியற் பெயரிலே இலங்கையைக் குறிக்கும் செய்லானிக்கா என்னும் சொல்லும் அமைந்துள்ளது. இதன் நாரைத் திரித்து வில்லுக்கு நாணாக்கினர் முன்னோர். தடித்த இலையிலே நீரைச் சேமித்து வைப்பதால் இரண்டு மூன்று வாரம் நீரின்றி இருக்கும். மங்கிய ஒளியையும் பொறுக்கும். விடுமுறைக்கு ஊர் செல்லும் ஆசிரியருக்கும், மறதியுள்ள மாணவருக்கும் இதனினும் ஏற்ற செடி வேறில்லை.

இரண்டாவது மணிபிளாண்ட் எனப்படும் காசுக்கொடி. பசுபிக் சமுத்திரத்துத் தீவொன்றிலிருந்து புறப்பட்டு உலகெங்கும் பரவிய கொடி இது. ஒரு கணுவோடு வெட்டி ஊன்றினால் வேர்விடும். இது வளர்ந்தால் பணம் பெருகும் என்பது வெறும் நம்பிக்கையே. ஆனால் ஒன்று பத்தாவதும், பத்தையும் பிறர்க்குக் கொடுக்கக்கூடியதும் மெய். இதன் இலையைக் கடித்தால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும். ஆதலின் தவழும் குழந்தையும் பூனையும் உள்ள வீட்டிலே உயரத்தில் வைத்தல் வேண்டும்.

மூன்றாவது கற்றாழை. வாயிலிலே கட்டித் தொங்கவிட்டாலும் நெடுநாள் பசுமை மாறாத இதன் வன்மையை நாம் அறிவோம். இதற்கு ஒளி மிகுதியாக வேண்டும்; ஆகையால் யன்னல் விளிம்பே இதற்குரிய இடம். நீர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். தோலின் உட்புறத்திலே கசியும் மஞ்சட் பால் வயிற்றுக்கு ஒவ்வாது. அதனை உட்கொள்ளுதல் ஆகாது.

நான்காவது கற்பூரவல்லி. கிள்ளி நட்டாலே தழைக்கும். காலை வெயில் சிறிது படும் யன்னல் போதும். இதனைத் தொட்டாலே கையில் மணம் ஏறும். கண் மங்கிய முதியோர்க்கும் இச்செடி தன்னை அறிவிக்கும். சளிக்கும் இருமலுக்கும் நம் பாட்டிமார் தேடிய இலையும் இதுவே. நெடுகி வளரும்போது நுனியைக் கிள்ளிவிட்டால் அடர்ந்து கிளைக்கும்.

ஐந்தாவது சிலந்திச்செடி. தென்னாபிரிக்காவிலிருந்து வந்த இது, நீண்ட தண்டுகளை வீசி அவற்றின் நுனியிலே சிறு குட்டிச் செடிகளைத் தாங்கி நிற்கும். குழந்தைகளுக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் நஞ்சில்லாதது. நீரிலுள்ள உப்பை இதன் இலைநுனி விரைவிலே காட்டிக்கொடுக்கும். ஆதலின் உவர்நீர் உள்ள ஊர்களிலே இது ஒரு சோதனைக் கருவியும் ஆகும்.

துளசியை ஏன் சொல்லவில்லை என்று அன்பர்கள் வினவக்கூடும். துளசி வெயிலின் பிள்ளை. நாளொன்றுக்குப் பல மணிநேரம் நேர்வெயில் வேண்டும் அதனை அறையினுள் வைத்தால் மெலிந்து மடியும். முற்றத்திலே மாடம் அமைத்து அதனை வளர்த்த முன்னோர், பக்தியோடு தாவர அறிவும் உடையவராயிருந்தனர் என்பதற்கு அதுவே சான்று. முற்றத்துச் செடியை முற்றத்திலும், நிழற் செடியை நிழலிலும் வைப்பதே முறை.

ஒரு தட்டத்து நீர்

இனி, அஞ்சவேண்டியது யாது என்னும் மூன்றாம் வினாவுக்கு வருவோம். 2017ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே கிண்ணியாப் பகுதியை டெங்குக் காய்ச்சல் சூறையாடிற்று. பாடசாலைகள் சில நாள் மூடப்பட்டன. உயிர்கள் பல மடிந்தன. அவ்வாண்டு இலங்கை முழுவதிலும் 1,86,000க்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாயினர். 400க்கு மேற்பட்டோர் இறந்தனர். அக்காலத்திலே என் மாணவன் ஒருவன் கட்டுரை திருத்துவதற்காக என் வீட்டுக்கு வந்தான். அவன் தங்கை அம்மாதமே டெங்குக் காய்ச்சலால் வைத்தியசாலையிற் கிடந்து மீண்டவள். நான் கட்டுரையைப் பார்த்துக்கொண்டிருக்க, அவன் யன்னலோரச் சாடியைப் பார்த்துக்கொண்டு நின்றான். பின்னர்த் தயங்கித் தயங்கி, “சேர், தட்டத்துக்குள்ள குடம்பி கிடக்கு” என்றான்.

எழுந்து சென்று பார்த்தேன். சாடியினடியில் நீர் வடிவதற்காக நான் வைத்திருந்த தட்டத்திலே நுளம்புக் குடம்பிகள் நெளிந்துகொண்டிருந்தன. சுற்றாடலைத் துப்புரவாக வைத்திருப்போம் என்று அவ்வாரந்தான் கரும்பலகையிலே எழுதியிருந்தேன். அவன் ஒன்றும் சொல்லாமல் தட்டத்தை எடுத்துச் சென்று முற்றத்துச் சுடுமணலிலே கவிழ்த்தான். பின்பு தென்னந்தும்பால் அதனை உரசிக் கழுவித் தந்தான். அன்று நான் அவனுக்கு ஆசிரியனாயிருக்கவில்லை.

அவன் உரசிக் கழுவியது வெறும் வழக்கமன்று. அதிலே விஞ்ஞானம் இருக்கிறது. டெங்கைப் பரப்பும் ஈடிசு நுளம்பு பெருங்குளத்தை நாடுவதில்லை. வீட்டைச் சுற்றியுள்ள சிறு பாத்திரங்களின் தெளிநீரையே நாடும். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரிலே முட்டைகளை ஒட்டி வைக்கும். நீரைக் கொட்டினாலும் முட்டைகள் சுவரிலேயே இருக்கும்; மாதக்கணக்கில் உலர்ந்து கிடந்தாலும் மீண்டும் நீர் பட்டதும் பொரிக்கும். முட்டை நுளம்பாவதற்கு நம் வெப்பநிலையிலே ஏழு முதல் பத்து நாள் வரை செல்லும். ஆதலின் வாரத்துக்கு ஒருமுறை தட்டத்தைக் கொட்டி, உரசிக் கழுவி, உலர்த்தினால் எந்த முட்டையும் நுளம்பாகாது. தட்டமே வேண்டாவெனில், வாளியிலோ முற்றத்திலோ வைத்து நீர் வார்த்து, வடிந்தபின் உள்ளே எடுத்து வரலாம். அல்லது தட்டத்தை மணலால் நிரப்பலாம். போத்தல் நீரிலே காசுக்கொடி வளர்ப்போர் வாரந்தோறும் நீரை மாற்றிப் போத்தலின் உட்புறத்தையும் தேய்த்தல் வேண்டும். அதனைச் செய்ய இயலாதோர் மண்ணிலே நடுவதே நலம். செடிக்கெனச் சேர்த்து வைக்கும் மழைநீரையும் இறுக மூடிவைத்தல் வேண்டும்.

செடி வளர்ப்பதைக் கைவிட்டுவிடலாமே என்று எனக்கும் அன்று தோன்றியது. ஆனால் பிழை செடியில் இல்லை. பார்க்காமல் விட்ட என் கண்ணில் இருந்தது. செடியை அழகுக்காக வைத்துவிட்டு மறப்பவன் வீட்டிலே அது நுளம்புக்கு இல்லமாகும். நாள்தோறும் பார்ப்பவன் வீட்டிலேயே அது மனிதர்க்கு ஆறுதலாகும். நன்மைக்கும் தீமைக்கும் இடையே நிற்பது பேணுதல் என்னும் அவ்வொன்றே.

மாணவர்க்கு ஒரு பயிற்சி

இதனைப் படிக்கும் மாணவர்கள் ஒரே ஒரு செடியோடு தொடங்குக. பத்துச் செடிகளை ஒருங்கே வாங்குபவர் ஒன்றையும் அறிவதில்லை. ஒரு பழைய அப்பியாசக் கொப்பியிலே, நீர் வார்த்த நாளையும், புதிய இலை தோன்றிய நாளையும், தட்டம் கழுவிய நாளையும் குறித்து வருக. மூன்று மாதம் சென்றபின் அக்கொப்பியைப் படித்துப் பார்த்தால் செடியின் வரலாற்றோடு உங்கள் வரலாறும் அதிலே தெரியும். பரீட்சைக் காலத்திலே எந்நாட்களை மறந்தீர்கள், எந்நாட்களில் நின்று பார்த்தீர்கள் என்பதை அது சொல்லும். கைப்பேசித் திரையிலே ஓயாது தாவித் திரியும் இக்காலத்து மனத்துக்கு, மெல்ல வளரும் ஒன்றை மெல்லப் பார்த்திருத்தல் நல்லதொரு பயிற்சியாகும்.

பழைய மாணவர்களாகிய நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மாடி வீடுகளில் வாழும் நம்மவர் பலருக்கு முற்றம் என்பது நினைவிலேதான் இருக்கிறது. யன்னல் யாவர்க்கும் உண்டு. அதனருகே ஒரு சாடி வையுங்கள். வீட்டிலே முதியவர் ஒருவர் இருந்தால், நீர் வார்க்கும் பொறுப்பை அவரிடமிருந்து பறித்துவிடாதீர்கள்.

என் அன்னையாரின் சட்டியிலிருந்து கிள்ளிய கற்பூரவல்லிக் கொப்புகள் இன்று குறிஞ்சாக்கேணியில் என் வகுப்பறை யன்னல்களிலே தயிர்ச்சட்டிகளில் வரிசையாக நிற்கின்றன. வெள்ளிக்கிழமைக்கு முந்திய நாள், பாடசாலை விடுமுன், தட்டங்களைக் கழுவும் முறை ஒவ்வொரு வாரமும் ஒருவருக்கு வரும். எனக்குப் பாடம் கற்பித்த அம்மாணவன் படிப்பை முடித்துச் சென்றுவிட்டான். அவன் காட்டிய வழியிலே, கொட்டிய தட்டத்தைச் சுடுமணலிற் கவிழ்த்து, தும்பால் உரசிய பின்னரே பிள்ளைகள் வீட்டுக்குச் செல்கின்றனர்.